1920-களின் அட்வென்ச்சர் இதழ்கள் 23: ஸ்கேன் செய்யப் பிரிக்கலாமா, வேண்டாமா?

பெட்டிக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். ஆன்லைன் ஏலத்தில் ஒரு பெட்டி பழைய அமெரிக்க பல்ப் இதழ்கள் (மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சடித்த கதை இதழ்கள்) கிடைத்தன. மொத்தம் 23, எல்லாமே அட்வென்ச்சர். இருபது 1922-க்கும் 1926-க்கும் இடையில் வந்தவை, மூன்று மட்டும் 1935. விற்றவர் ‘முழுமையானவை, படிக்கும் நிலையில் உள்ளவை’ என்று போட்டிருந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்குப் பின்னட்டையே இல்லை, ஒன்றில் நடுவில் ஒரு தாளைக் காணோம். பல்ப் வாங்கப் போய் பல்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று வீட்டில் ஒரே கிண்டல். போகட்டும், மற்றவை நன்றாகவே இருக்கின்றன.

பிரச்சினை காகிதம்தான். ஒரு இதழை மேசைமேல் வைத்துப் பத்துப் பக்கம் புரட்டினேன், எடுத்த பிறகு பார்த்தால் மேசையில் காப்பித்தூள் சிந்தின மாதிரி பழுப்புத் துகள். ஓரம் முழுக்க அப்பளம், நடுப்பகுதி மட்டும் இன்னும் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. இன்னும் நாலு பேர் கையில் எடுத்துப் படித்தால் ஐந்தாவது ஆளுக்குக் குப்பைதான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு முறை ஒழுங்காக ஸ்கேன் செய்து எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டுவிட வேண்டும் என்று ஆசை.

ஆனால் இதழை விரித்து வைக்கவே முடியவில்லை. முதுகிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு தடித்த பின் குத்தி, அதன்மேல் அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தினாலும் உள்பக்கத்துப் பத்தியின் கடைசி எழுத்துகள் குழிக்குள் போய்விடுகின்றன. அதற்குமேல் அழுத்தினால் ‘படக்’ என்று சத்தம் வருகிறது, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிரித்துவிடலாமா, பிரிக்காமல் ஏதாவது வழி இருக்கிறதா? அப்புறம் இந்த 1935 இதழ்களை இணையத்தில் போட்டால் யாராவது சட்டையைப் பிடிப்பார்களா?

---

அடுத்தஇதழில்தொடரும் எழுதியது:

வாழ்த்துகள் ப்ரோ, 23 என்பது சும்மா இல்லை! ரொம்ப யோசிக்காதீர்கள். முதுகை ஒரே வெட்டாக வெட்டி ஃபீடர் உள்ள ஸ்கேனரில் போடுங்கள், ஒரு இதழுக்குப் பத்து நிமிஷம், எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். எப்படியும் உதிரப் போகிற காகிதம்தானே. பதிப்புரிமை பற்றியும் கவலை வேண்டாம், 1964-க்கு முன்னால் வந்த பல்ப் எல்லாமே ஃப்ரீ. கதைகளை மட்டும் எடுத்துப் பிடிஎஃப் போட்டாலே போதும், விளம்பரத்தையும் வாசகர் கடிதத்தையும் யார் படிக்கப் போகிறார்கள்? சீக்கிரம் போடுங்கள், 1925-இல் ஒரு தொடர் பாதியில் நின்று கிடக்கிறது எனக்கு.

---

ஓரம்வெட்டாதவன் எழுதியது:

தம்பி தொடரும், நீங்கள் சொன்ன யோசனை நான்கு, நான்கும் தப்பு. கோபித்துக்கொள்ள வேண்டாம், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

முதல் விஷயம், பெட்டிக்காரரே, கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்களிடம் உள்ள ஒவ்வொரு இதழும் ஏற்கெனவே ஸ்கேன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட் ஆர்கைவில் பல்ப் இதழ்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. எந்த இதழில் எந்தக் கதை வந்தது என்பதற்கு ஃபிக்‌ஷன்மேக்ஸ் அட்டவணை. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1921 கடைசியிலிருந்து 1926 வரை அட்வென்ச்சர் மாதத்துக்கு மூன்று முறை வந்தது, 10, 20, 30 என்று தேதி போட்டு. அதனால் ‘1923 மார்ச்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தேதியோடு சேர்த்துத் தேடுங்கள், கோப்புக்கும் பெயரை அப்படியே வையுங்கள், வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில். அப்போதுதான் தானாகவே அடுக்கி நிற்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புளூ புக் என்ற இன்னொரு பல்ப்பின் பழைய இதழ் ஒன்றை வெட்டுக்கருவியில் வைத்து முதுகை நறுக்கினேன். பல்ப் இதழ்களில் உள் ஓரம் ரொம்பக் குறுகல், என் வெட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது, கடைசி நாற்பது பக்கங்களில் வரிக்கு ஓர் எழுத்து போயே போச்சு. அது போதாதென்று இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறேன், அதே இதழை யாரோ அதைவிட அழகாக ஸ்கேன் செய்து ஆறு மாதத்துக்கு முன்பே போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கட்டை அலமாரியில்தான் வைத்திருக்கிறேன், புத்தி வர.

ஃபீடர் என்ற பேச்சே வேண்டாம். அது உருளையால் தாளை இழுத்து வளைக்கும், வளைகிற தாளுக்குத்தான் அது சரி. உங்களுடையது வளையாது, உடையும். முதல் தாள் சிக்கி நொறுங்கி நிற்பதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

உங்கள் 23-ஐ இரண்டாகப் பிரியுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், அவற்றைக் கேமராவில் எடுக்கலாம். அட்டைப்பெட்டி இரண்டை வெட்டி ‘V’ மாதிரி தொட்டில் செய்து, இதழைச் செங்கோணத்துக்குமேல் திறக்காமல் அதில் உட்கார வைத்து, ஒரு கண்ணாடித் துண்டால் பக்கத்தை லேசாக அமர்த்தி, இடப்பக்கங்களை ஒரு சுற்று, வலப்பக்கங்களை ஒரு சுற்று என்று எடுத்துவிட்டுப் பிறகு கோத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வரட்டும், நேராக அடித்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

அட்டை போனது, முதுகு ஏற்கெனவே விட்டுப்போனது, இவற்றை மட்டும் பிரிக்கலாம். அதற்கும் வெட்ட வேண்டாம். பின்னை எடுத்தாலே போதும். பின்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களை மழுங்கிய மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். துரு ஏறியிருந்தால் இழுக்காதீர்கள், துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். என் கைக்கு வந்தவற்றில் பின் போனதும் முதுகுப் பசை தானாகவே விட்டு, தாள்கள் மடிப்பு மடிப்பாகக் கழன்று வந்தன, உள் ஓரம் முழுசாகக் கிடைத்தது. அவற்றை ஒவ்வொரு பக்கமாகச் சாதாரணத் தட்டை ஸ்கேனரில் வையுங்கள், பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்து. கறுப்பு இல்லாவிட்டால் மறுபக்கத்து எழுத்து பேய் மாதிரி ஊடுருவித் தெரியும்.

ஒரு பக்கத்துக்கு நாற்பது விநாடி என்றாலும் 192 பக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும், ரேடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். இடமும் தேவை. பக்கம் 7-க்கு 10 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் அமுக்காமல் வைத்தால் பக்கத்துக்கு 19 எம்பி, இதழுக்கு மூன்றரை ஜிபிக்குமேல். 600 என்றால் அதில் நான்கு மடங்கு. நான் உள்பக்கத்துக்கு 400, அட்டைக்கு மட்டும் 600 வைப்பேன். கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள், காகிதத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்கவும் வேண்டாம், மெல்லிய கோட்டுச் சித்திரமெல்லாம் அதில் காணாமல் போய்விடும். படிக்கச் சுலபமாக இருக்க வேண்டுமென்றால் நகல் எடுத்து அதில் கைவையுங்கள், மூலப் படத்தைத் தொடாதீர்கள்.

உரிமை பற்றி எனக்கு அரைகுறை ஞானம், இருபத்தைந்துசென்ட் வருவார். வாசகர் கடிதம் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, முதலில் காகிதத்துக்காரங்க பேசட்டும்.

---

காகிதப்பைத்தியம் எழுதியது:

வந்துட்டேன். பெட்டிக்காரன், உங்கள் காகிதம் ஏன் அப்பளமானது என்று தெரிந்தால் என்ன செய்யக்கூடாது என்பது தானாகப் புரியும். 1896-இல் பதிப்பாளர் ஃபிராங்க் மன்சி தன் ஆர்கோசியை முழுக்க முழுக்கக் கதை இதழாக்கி, ஆகக் கேவலமான மரக்கூழ்த் தாளில் அடித்துப் பத்து சென்ட்டுக்கு விற்றார். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த தாள் அது, லிக்னின் என்ற பொருள் நீங்காமல் உள்ளேயே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும். போதாக்குறைக்கு மை பரவாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள், அதிலிருந்து வரும் அமிலம் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. காற்று முதலில் தொடுவது ஓரத்தை, அதனால்தான் ஓரம் அப்பளம், நடு வெளுப்பு. அச்சடித்த பிறகு ஓரத்தைச் சீராக வெட்டவும் இல்லை, அட்டையை மட்டும் தாளைவிடக் கொஞ்சம் பெரிதாக நீட்டி விட்டிருப்பார்கள், அந்த நீட்டல்தான் முதலில் கிழியும். நம்ம ஓரம்வெட்டாதவன் பேர் வைத்துக்கொண்டதும் அதனால்தான்.

ஸ்பிரே அடித்து அமிலத்தை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் போன பலம் திரும்பி வராது, இத்தனை தாளுக்குக் கட்டுபடியும் ஆகாது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வெயில், டியூப்லைட் எதுவும் படாத, சூடு ஏறாத, ஈரம் இல்லாத அலமாரி. மொட்டை மாடி அறை வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் உறையில் போட்டு, பின்னால் கால்சியம் கார்பனேட் சேர்த்த, அமிலம் இல்லாத அட்டை ஒன்றை வையுங்கள். கடையில் கிடைக்கிற வழவழ பிவிசி உறை ஆகாது, அதன் வாசனையே சொல்லிவிடும். நெட்டுக்கு நிறுத்தாதீர்கள், படுக்க வையுங்கள், பத்துக்குமேல் அடுக்காதீர்கள். ராமபாணப் பூச்சி ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

செலோடேப்பை வீட்டிலேயே வைக்காதீர்கள். இதை நான் கத்தித்தான் சொல்வேன். என்னிடம் ஷார்ட் ஸ்டோரீஸ் என்ற பல்ப் இதழ் ஒன்று இருக்கிறது, அட்டை நடுவில் செங்குத்தாக ஒரு பழுப்புப் பட்டை, டேப் எப்போதோ உதிர்ந்துபோயிற்று, பசை மட்டும் காகிதத்துக்குள் ஊறி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒட்டின கை மேல் கோபம் வரும். கிழிசலை ஒட்டியே ஆகவேண்டுமென்றால் ஜப்பானிய மென்தாளும் கோதுமை மாவுப் பசையும், அதுவும் முதலில் வேறு குப்பைத் தாளில் பழகிவிட்டு.

எந்த அளவுக்கு உடையும் என்று பார்க்க ஒரு மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நல்ல தாளில் செய்து மூலையை இழக்காதீர்கள், உங்கள் மேசைமேல் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கிற துண்டில் செய்யுங்கள். ஒரு மடிப்பிலேயே ஒடிந்தால் அந்த இதழைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அழகான அட்டை உள்ளதை முதலில் எடுக்கத்தான் கை போகும், போக விடாதீர்கள்.

---

பெட்டிக்காரன் எழுதியது:

அக்கா, சோதனை செய்தேன். உதிர்ந்த துண்டில் பாதி மடிப்பிலேயே போய்விட்டது :( இருபத்துமூன்றில் ஏழு அந்த ரகம். நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

தேடியும் பார்த்துவிட்டேன். ஏற்கெனவே இணையத்தில் இருப்பவை ஒன்பது, அதில் இரண்டு மங்கலாக, விரல் தெரிகிற மாதிரி. ஆக எனக்கு வேலை பதினாறு. நேர்மையாக ஒன்று கேட்கிறேன், தொடரும் சொன்ன மாதிரி விளம்பரம், கடிதப் பக்கங்களை விட்டுவிட்டால் ஓர் இதழுக்கு முப்பது பக்கமாவது மிச்சமாகும்போல, பதினாறு இதழுக்கு அது பெரிய நேரம். கதைதானே முக்கியம்?

---

ஓரம்வெட்டாதவன் எழுதியது:

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கதை வேறு இடத்திலும் கிடைக்கும் பெட்டிக்காரரே. நல்ல கதைகளில் பல பின்னால் புத்தகமாக வந்துவிட்டன. புத்தகத்தில் வராதது கடைசிப் பக்கங்கள். அட்வென்ச்சரை 1912-இலிருந்து 1927 வரை நடத்திய ஆர்தர் சல்லிவன்ட் ஹாஃப்மன் ‘கேம்ப்-ஃபயர்’ என்று ஒரு பகுதி வைத்திருந்தார். பேர்தான் கடிதப் பகுதி, உண்மையில் அது ஒரு திண்ணை. கதை எழுதியவர் வந்து இந்தச் சண்டையை எங்கே படித்தேன், எதை நானே கட்டினேன் என்று சொல்வார், மாலுமியும் சிப்பாயும் சுரங்கக்காரனும் எழுதி ‘அந்தத் துப்பாக்கி அப்படிச் சுடாது’ என்று மூக்கை உடைப்பார்கள். 1925-இல் எழுத்தாளர் டால்பட் மண்டியின் ட்ரோஸ் என்ற நாயகன் கதைகள் வந்தபோது ஜூலியஸ் சீசரை வில்லனாகக் காட்டிவிட்டார் என்று வாசகர்கள் கொதித்தெழுந்து மாதக்கணக்கில் சண்டை நடந்தது, மண்டி வரிக்கு வரி பதில் சொன்னார். தம்பி தொடரும், நீங்கள் பாதியில் நிற்கிற தொடர் அதுதான் என்று நினைக்கிறேன். கதையை மட்டும் படித்தால் சண்டையில் ஒரு தரப்புதான் உங்களுக்குத் தெரியும்.

அடையாள அட்டை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வாசகர் கேட்டால் இதழ் அலுவலகம் ஓர் எண் போட்ட அட்டை அனுப்பும். உலகத்தின் எந்த மூலையிலாவது அவர் செத்துக் கிடந்தாலோ ஆபத்தில் இருந்தாலோ, அட்டையைக் கண்டெடுத்தவர் அந்த எண்ணை நியூயார்க்குக்கு எழுதினால் உற்றவர்களுக்குத் தகவல் போகும். கதை இதழ் செய்கிற வேலையா இது! காணாமல்போன நண்பர்களைத் தேடுவதற்கே தனிப் பகுதி வேறு இருந்தது. பொடி எழுத்தில் நாலு நாலு வரி, பத்து வருஷத்துக்கு முன்னால் இன்ன ஊரில் பார்த்த இன்னாரே, எங்கிருந்தாலும் எழுது என்று. அதைப் படித்துவிட்டு நேரே கதைக்குப் போனால் கதையே கொஞ்சம் வெளிறித் தெரியும் எனக்கு.

இன்னொன்று. 1923 முதல் 1927 வரை ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்பவர் இதே இதழில் நாட்டுப்பாடல் பகுதி நடத்தினார். வாசகர்கள் கப்பலிலும் சிறையிலும் மரம்வெட்டும் முகாமிலும் கேட்ட பாட்டுகளை எழுதி அனுப்புவார்கள். 1928-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டுப்பாடல் காப்பகம் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவராக வந்தவர் இவர்தான். உங்கள் இருபது இதழ்களில் பாதிக்குமேல் அந்தக் காலத்தவை. ‘கதை இல்லை’ என்று நீங்கள் தள்ளப்போகிற முப்பது பக்கத்தில் இதெல்லாம் இருக்கிறது.

விளம்பரமும் அப்படித்தான். தபாலில் மின்சார வேலை கற்றுத் தருகிறோம், முப்பதே நாளில் தசை வளர்க்கலாம், பல் வலிக்கு இது, குடல் இறக்கத்துக்கு அது. எந்த மாதிரி ஆள் இந்த இதழைப் படித்தான் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கிழிந்த விளம்பரப் பக்கத்தைக்கூடக் கிழிந்தபடியே எடுங்கள்.

---

இருபத்தைந்துசென்ட் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். உரிமை விஷயத்துக்கு வருகிறேன், அமெரிக்கச் சட்டப்படி.

வெளியான ஆண்டோடு 95 சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த வருஷக் கடைசியில் உரிமை முடியும். 2026 ஜனவரி 1-ஆம் தேதி 1930-இல் வெளியானவை அத்தனையும் பொதுச்சொத்தாகிவிட்டன. ஆகவே உங்கள் இருபது இதழ்களுக்கும் ஒரு சிக்கலும் இல்லை, அட்டை முதல் அட்டை வரை போடலாம்.

‘1964-க்கு முன்னால் எல்லாம் ஃப்ரீ’ என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. அந்தக் காலத்தில் வெளியானதற்கு முதலில் 28 வருஷம்தான் உரிமை, 28-ஆவது வருஷத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அன்றோடு போயிற்று, புதுப்பித்திருந்தால் மொத்தம் 95. பல்ப் பதிப்பாளர்கள் பலர் மறந்துவிட்டார்கள், சிலர் மறக்கவில்லை. உங்கள் 1935 இதழ்களுக்கு 1962, 1963 ஆண்டுகளின் புதுப்பிப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அச்சுத் தொகுதிகள் எல்லாம் ஸ்கேன் ஆகி இணையத்தில் இருக்கின்றன, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் எந்தெந்த இதழ் எப்போது முதன்முதலில் புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். இதழைப் பதிப்பாளர் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கிற ஒரு கதையை எழுத்தாளரோ அவர் மனைவியோ தனியாகப் புதுப்பித்திருக்கலாம். அதனால் இதழின் பெயரில் ஒரு முறை, உள்ளடக்கத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தாளர் பெயரிலும் ஒரு முறை தேட வேண்டும், புனைபெயராக இருந்தால் சொந்தப் பெயரிலும். ஒரு 1930-கள் இதழுக்கு எனக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். போகட்டும் என்றுதான் சொல்வேன். டாக் சாவேஜ், ஷேடோ மாதிரி பல்ப் நாயகர்களின் இதழ்கள் கையில் கிடைத்தால் இன்னும் உஷார், அவற்றை வெளியிட்ட ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்தின் சொத்தெல்லாம் 1959-இல் கோண்டே நாஸ்ட் என்ற பதிப்பு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் எழுத்தாளர் இறந்து 70 வருஷம் என்பது கணக்கு. மண்டி 1940-இல் போய்விட்டார், பிரச்சினை இல்லை. அட்வென்ச்சரில் எழுதிய இன்னொருவர் ஹரால்ட் லாம் 1962 வரை இருந்தார், அந்த நாடுகளில் அவருக்கு 2032 கடைசி வரை உரிமை உண்டு. எங்கே சேமித்து வைக்கிறீர்கள், எந்த நாட்டில் இருந்து போடுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, பழைய பதிவேடு படிக்கிற பைத்தியம், அவ்வளவுதான்.

---

அடுத்தஇதழில்தொடரும் எழுதியது:

சரி சரி, சரணாகதி. நான் சொன்னதில் வாழ்த்து மட்டும்தான் உருப்படி என்று தெரிகிறது. ஒரு சந்தேகம்: இவ்வளவு பாடுபட்டு ஸ்கேன் செய்துவிட்டு, வேறொருவர் எடுத்துத் தன்னுடையது என்று விற்றால்? பக்கத்துக்குப் பக்கம் பெயர் போட்டுவிட்டால் என்ன?

---

ஓரம்வெட்டாதவன் எழுதியது:

விற்பார்கள். என்னுடைய ஸ்கேனை ஒருவர் முதல் பக்கத்திலிருந்த குறிப்பை மட்டும் நீக்கிவிட்டு, அச்சுப் புத்தகமாகவே போட்டுக் காசு பார்த்தார். என் கட்டைவிரல் நிழல் விழுந்த பக்கம்கூட அப்படியே இருந்தது அதில்! அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை, மறுநாள் சிரிப்பு வந்துவிட்டது. 1999-இல் பிரிட்ஜ்மன் எதிர் கோரல் என்ற வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, பொதுச்சொத்தான ஓவியத்தை உள்ளது உள்ளபடி படம் எடுப்பதால் படம் எடுத்தவருக்குப் புது உரிமை வராது. நாம் செய்வதும் அதே வேலைதான், உழைப்பு வேறு, உரிமை வேறு. பக்கத்தின்மேல் பெயர் போடாதீர்கள், பின்னால் எழுத்துணரி மென்பொருள் அதையும் சேர்த்துப் படித்துக் கதைக்குள் கலந்துவிடும். கடைசியில் தனியாக ஒரு பக்கம் சேர்த்து, யார் ஸ்கேன் செய்தது, எந்தப் பக்கம் வேறு பிரதியிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள், போதும்.

---

பெட்டிக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உதிரும் ஏழில் ஐந்து முடிந்தது. முதல் இதழுக்கு ஐந்து மணி நேரம், ஐந்தாவதற்கு மூன்று. பின்னைத் தூக்கும்போது ஒன்று துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்துவிட்டது, நகவெட்டியால் நறுக்கி எடுத்தேன், ஒரு தாளில் மட்டும் சின்ன ஓட்டை. மடிப்பு மடிப்பாகக் கழன்று வரும் என்று ஓரம் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது, ஏதோ வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்தது. கறுப்புத் தாள் வைத்ததற்கும் வைக்காததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முதல் இருபது பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். 1935-இல் ஒன்றும் தொடவில்லை, பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு மூன்று கதைகள் சந்தேகத்தில் நிற்கின்றன.

கடிதப் பக்கங்களை விடவில்லை. விடுவதா! ஒரு 1924 இதழில் விளம்பரப் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் கூட்டல் கணக்கு போட்டிருக்கிறார்கள், தப்பாக. அதையும் சேர்த்தே ஸ்கேன் செய்திருக்கிறேன்.

தாள் காணாமல்போன இதழ்தான் பாக்கி. 1923, ஆகஸ்ட் 20. பக்கம் 113-114. கதையில் ஒருத்தன் கிணற்றுக்குள் இறங்குகிறான், 115-இல் வேறொருத்தன் மேலே வருகிறான். இடையில் என்ன ஆயிற்று என்று மூன்று வாரமாக மண்டை காய்கிறது. யாரிடமாவது இருக்கிறதா?

---

காகிதப்பைத்தியம் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. அட்டை கிடையாது, முதல் எட்டுப் பக்கமும் கிடையாது, ஆனால் 113 இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 400 டிபிஐ, வண்ணம், கறுப்புத் தாள் வைத்துத்தானே? ராத்திரிக்குள் அனுப்புகிறேன். பதிலுக்கு உங்கள் அட்டையையும் அந்த எட்டுப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். கிணற்றில் என்ன நடந்தது என்று நான் இங்கே சொல்ல மாட்டேன், தொடரும் தம்பியும் படித்துக்கொண்டிருப்பார்.